நாத்தனாருக்கு தலைதீபாவளி, போன வருஷ கார்டு கடன் இப்பதான் தீர்ந்துது, இந்த வாட்டி யாருக்கு எவ்ளோ செய்யறது?

வியாசர்பாடில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, மத்தவங்களுக்கும் புரியணும்னு கேள்விய சுருக்கி சொல்லிடறேன். கல்யாணமாகி ரெண்டாவது தீபாவளி. வீட்டுக்காரருக்கு மணலி பக்கம் ஒரு கம்பெனில 28 ஆயிரம், இவளுக்கு 14 ஆயிரம். மாமனார் ஹார்பர்ல ரிட்டயர் ஆனவர், பென்ஷன் வருது. பெரிய நாத்தனார் திருவொற்றியூர்ல, ரெண்டு பசங்க. சின்ன நாத்தனாருக்கு இந்த வைகாசிலதான் கல்யாணம் ஆச்சு, அதனால தலைதீபாவளி. கொழுந்தனார் ஒருத்தர், கல்யாணம் ஆகல, வேலைக்கு போறார். இவ பக்கம் அம்மா அப்பா தம்பி. போன தீபாவளிக்கு 71 ஆயிரம் போயிருக்கு, அதுல 38 ஆயிரம் கிரெடிட் கார்டு, அத கட்டி முடிக்க பங்குனி ஆயிடுச்சாம். "யார் மனசும் நோகாம பட்ஜெட் போடறது எப்படிக்கா"ன்னு கேக்கறா, கூடவே அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரே விலைல எடுக்கணுமான்னும் கேட்டிருக்கா.

நான் கோடவுன் தெருவுல ஒரு மொத்தக்கடைல 22 வருஷம் கணக்கு எழுதினவ, வீடு தண்டையார்பேட்டை, எங்க தெரு மகளிர் குழு கணக்கும் என் கைலதான் இருக்கு. அதனால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோ.

மொதல்ல ஒண்ணு. நீ அனுப்பின லிஸ்ட்ட பாத்தேன், மாமியாருக்கு புடவை இவ்ளோ, நாத்தனாருக்கு இவ்ளோ, பசங்களுக்கு இவ்ளோன்னு வரிசையா எழுதி கீழ கூட்டியிருக்க, 58 ஆயிரம் வருது. அது பட்ஜெட் இல்லம்மா, அது ஆசை. கடைல பில்லு போடற மாதிரி போட்டிருக்க. கைல எவ்ளோ இருக்குன்னு மொதல்ல எழுது, அப்பால பேர எழுது. பேர மொதல்ல எழுதினா ஒவ்வொரு பேருக்கும் ஒரு மொகம் ஞாபகம் வரும், மொகம் ஞாபகம் வந்தா எவ கைதான் கம்மியா எழுதும்.

இந்த வருஷம், 2026ல, தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கெழம. போன வருஷம் அக்டோபர் 20. இந்த தேதி வித்தியாசத்த யாரும் கண்டுக்க மாட்டாங்க, ஆனா துட்டு ஓட்டை விழறதே அங்கதான். போன வருஷம் 20ஆம் தேதிங்கறதால சம்பளம் கரைஞ்சு போயிருந்துச்சு, போனஸ் மட்டும்தான், அது பத்தாம கார்ட தேச்ச. இந்த வருஷம் அக்டோபர் மாச சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்து ஒரு வாரத்துல தீபாவளி. கைல துட்டு பொங்கற மாதிரி இருக்கும், வாடகை, பால்காரர்னு போவவேண்டிய துட்டெல்லாம் தீபாவளி துட்டு மாதிரியே கண்ணுக்கு தெரியும், 9ஆம் தேதி காலைல பாத்தா மாசம் முழுக்க பாக்கி இருக்கும், பர்ஸ்ல ஒண்ணும் இருக்காது. அதனால அக்டோபர் சம்பளம் வந்த அன்னிக்கே வாடகைய ஹவுஸ் ஓனருக்கு குடுத்துடு, அஞ்சாந்தேதி வரைக்கும் வச்சிருக்காத.

இப்ப ஆடி. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்னு மூணு சம்பளத்துல இருந்து அஞ்சஞ்சு ஆயிரம் எடுத்து தனியா வை, 15 ஆயிரம். அப்பால போனஸ். இதுல நெறைய பேர் ஏமாறுறாங்க. போனஸ்னா ஒரு மாச சம்பளம்னு மனசுல வச்சிக்கினு கணக்கு போடறாங்க. 1965 போனஸ் சட்டத்துல குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகம் 20 சதவீதம், புதுசா வந்த ஊதிய சட்டத்துலயும் அதே 8.33 தான். ஒரு வருஷத்துல 8.33ன்னா ஒரு மாசம்தானேன்னு தோணும். ஆனா 2015ல திருத்தினப்ப, சம்பளம் எவ்ளோ இருந்தாலும் மாசத்துக்கு 7,000 இல்லன்னா அரசு நிர்ணயிச்ச குறைஞ்சபட்ச கூலி, இதுல எது அதிகமோ அதுக்கு கணக்கு பண்ணா போதும்னு வச்சாங்க. ஏழாயிரத்துக்கு கணக்கு போட்டா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 7,000தான் வரும். 21 ஆயிரத்துக்கு மேல சம்பளம் வாங்கறவங்கள அந்த சட்டம் கணக்குலயே எடுக்கல, அவங்களுக்கு கம்பெனி குடுக்கறது அவங்க விருப்பம். உன் வூட்டுக்காரர் அந்த வகை. போன வருஷம் அவருக்கு 12, உனக்கு 5 வந்துதுன்னு எழுதியிருக்க. அதையே வச்சுக்கோ, அதுக்கு மேல ஒரு ரூபா கூட எழுதாத, கூட வந்தா கார்த்திகைக்கு ஆவும். ஆக 15, 12, 5. மொத்தம் 32 ஆயிரம். இதான் உன் தீபாவளி. 58க்கும் 32க்கும் நடுவுல இருக்கற 26 ஆயிரம் உன்னுது இல்ல, அது கார்டு கம்பெனியுது. பாக்கி வச்சா பல கார்டுல மாசத்துக்கு மூணரை சதவீதம் கிட்ட வட்டி, வருஷத்துக்கு நாப்பத தாண்டும். நோ காஸ்ட் ஈஎம்ஐன்னு ஆசை காட்டுவான், 2013லயே ரிசர்வ் பேங்க் அந்த ஜீரோ வட்டி திட்டத்த, வட்டிய வேற பேர்ல மறைக்கறதுன்னு சொல்லி கண்டிச்சுது. இப்பவும் கார்டு ஈஎம்ஐல வட்டி பங்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, பிராசஸிங் ஃபீஸ் தனி. ஸ்டேட்மெண்ட்ட ஒரு வாட்டி பொறுமையா படிச்சு பாரு.

சரி, மனசு நோகற விஷயத்துக்கு வரேன். இதுக்கு என் கதை ஒண்ணு சொல்லணும்.

எங்க அண்ணன் காசிமேட்ல மீன் புடிக்க போட்டுல போறவர். எனக்கு கல்யாணம் ஆன புதுசுல எனக்கும் அண்ணிக்கும் ஒரு பழக்கம், தீபாவளிக்கு நான் அவங்களுக்கு ஒரு புடவை, அவங்க எனக்கு ஒண்ணு, ரெண்டும் ஒரே மாதிரி முன்னூறு ரூபா சுமார். நான் வேலைக்கு போய் ரெண்டு மூணு வருஷம் ஆனதும் கடைல எனக்கு அடக்க விலைக்கு குடுப்பாங்க, அந்த பெருமைல ஒரு வருஷம் அண்ணிக்கு நல்ல பட்டு மாதிரி ஒண்ணு எடுத்துனு போனேன், வெளில ஆயிரத்து ஐநூறு சொல்ற புடவை. அண்ணி மொகம் மலர்ந்துச்சு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். அடுத்த பொங்கலுக்கு அண்ணன் எனக்கு சீர் கொண்டாந்தாரு, அதே விலைல புடவை, வெண்கல பானை வேற. நானும் வாங்கி வச்சிக்கினேன். சித்திரைல மீன்பிடி தடைக்காலம் வந்துச்சு, போட்டு ஓடல, அப்பதான் அம்மா வாய் தவறி சொன்னாங்க, அந்த சீர் தண்டலுக்கு வாங்கினதுன்னு. பத்தாயிரம் தண்டல்னா கைல குடுக்கறது எட்டாயிரத்து ஐநூறு, தெனம் நூறு ரூபா நூறு நாள் கட்டணும். வேலை இல்லாத நாள்லயும் தண்டல்காரன் காலைல வாசல்ல நிப்பான். நான் குடுத்த புடவைக்கு எங்கண்ணி வட்டி கட்டியிருக்காங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, எப்படி சொல்லுவாங்க?

அன்னிலேந்து நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன், ஒரு பக்கம் நாம செஞ்சது, எதிர் பக்கம் நமக்கு வந்தது. மொய் நோட்டு மாதிரியேதான், ஆனா இது வசூல் பண்றதுக்கு இல்ல. நான் ஒரு புடவை விலைய ஏத்தும்போது எதிர் பக்கத்துல யாரு கை கடிக்கும்னு பாக்கறதுக்கு. நம்ம குடும்பங்கள்ல பரிசுன்னு ஒண்ணு தனியா கிடையாதும்மா, எல்லாமே செய்முறை, போனா திரும்பி வரும், வந்தா திரும்பி போவணும். அதனால நீ ஒருத்தியா உக்காந்து ரூம்ல பட்ஜெட் போட்டா அது நிக்காது. நீ நாத்தனாருக்கு 3,000க்கு எடுத்தா, பொங்கலுக்கு அவங்க உனக்கு அதுக்கு குறையாம பாக்கணும், பெரிய நாத்தனார் வீட்டுக்காரருக்கு ஆட்டோ ஓட்டி வர வருமானம்னு சொல்ற, அவங்க உங்கிட்ட சொல்லுவாங்கன்னா நெனைக்கற? நீ விலைய கொறச்சா அவங்களுக்கு மனசு நோவும்னு பயப்படற. எனக்கு தெரிஞ்சு பாதி வீட்ல அந்தப் பக்கமும் அதே பயத்துலதான் கார்ட தேச்சிக்கினு இருக்காங்க.

அதனால பேசு. ஆனா நீ பேசாத. புது மருமக வந்து செலவ கொறைக்கலாம்னு ஆரம்பிச்சா, அது எவ்ளோ நியாயமா இருந்தாலும், "வந்த உடனே கணக்கு பாக்கறா"ன்னு ஒரு பேர் வந்துடும், அந்த பேர் இருபது வருஷம் போவாது. உன் வூட்டுக்காரர் அவங்க அம்மாகிட்ட பேசணும், அதுவும் கொறைக்கறதுன்னு ஆரம்பிக்காம தலைதீபாவளில ஆரம்பிக்கணும். "சின்னவளுக்கு தலைதீபாவளி, நல்லா செய்யணும்மா, அதுக்கு மத்த எடத்துல இந்த ஒரு வருஷம் கைய புடிச்சிக்கலாம்"னு சொன்னா எந்த மாமியாரும் மறுக்க மாட்டாங்க. பெரிய நாத்தனார்கிட்ட உன் மாமியாரே பேசிக்குவாங்க, பொண்ணுகிட்ட அம்மா சொல்றப்ப அது வேற மாதிரி இறங்கும்.

தலைதீபாவளி செலவ வீட்டோட சேர்த்து ஒரே கணக்கா போடுங்க, ஆளாளுக்கு தனித்தனியா எடுக்காதீங்க. போன வருஷம் எங்க தெருவுல ஒரு வீட்ல மாப்பிள்ளைக்கு அப்பா ஒரு சட்டை, பெரிய மச்சான் ஒரு சட்டை, சின்ன மச்சான் ஒரு சட்டை, மூணும் ஊதா. மாமனார், உன் வூட்டுக்காரர், கொழுந்தனார், மூணு பேரும் சேர்ந்து ஒரு தொகை, நான் 15 ஆயிரம்னு வச்சிருக்கேன். மாமனார் 6, நீங்க 5, கொழுந்தனார் 4. அதுல பொண்ணுக்கு புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையோ பேண்ட் சட்டையோ, சம்பந்தி வீட்டுக்கு ஒரு தட்டு ஸ்வீட், முன்ன நாள் ராத்திரி சாப்பாடு, மறுநாள் கறி விருந்து, பட்டாசு எல்லாம் அடங்கணும், அடங்கும். மோதிரம் போடணுமான்னு உன் மாமியார் யோசிக்கறாங்கன்னு எழுதியிருந்த. கல்யாணத்துல போட்டாச்சுல்ல? தங்கம் விக்கற விலைல திரும்ப எதுக்கு? கல்யாணத்தப்ப தலைதீபாவளிக்கு போடறோம்னு வாக்கு குடுத்திருந்தா அது வேற கதை, அத இந்த 32க்குள்ள திணிக்க முடியாது, மாமனார்கிட்ட தனியா கேட்டுக்கோ.

மிச்சம் 27 ஆயிரம். பெரிய நாத்தனார் குடும்பம் நாலு பேருக்கு 5,000, இதுல பசங்க ரெண்டு பேருக்கு நல்லதா எடுத்துட்டு பெரியவங்களுக்கு சிம்பிளா எடு, பசங்க துணிதான் போட்டோல வரும். மாமனார் மாமியாருக்கு 3,000. உங்க அம்மா அப்பாவுக்கு 3,000. கொழுந்தனாருக்கும் உன் தம்பிக்கும் ஆளுக்கு ஆயிரம். உங்க ரெண்டு பேருக்கு 4,000, இத விட்டுக்குடுக்காத, தியாகம் பண்ணிட்டு அப்பால மாசக்கணக்குல அத சொல்லி காட்றதுக்கு ஒரு புடவை எடுத்துக்கறது சல்லிசு. பலகாரம் 3,000, பட்டாசு 1,500. பசங்க கைல குடுக்கற காசு 1,000. ஆச்சு, 22,500.

இன்னும் 3,000 எழுதணும், இதான் எல்லாரும் எழுத மறக்கறது. ஜாக்கெட் தைக்க கூலி, ஃபால்ஸ் அடிக்க, பேண்ட் நீளம் வெட்ட, பர்சேஸ் போற ஆட்டோ, வெளில சாப்பிடறது, பசங்க பலூன் கேக்கறது. அப்பால இனாம். துப்புரவு பண்றவங்க, சிலிண்டர் போடறவர், வாட்ச்மேன், தபால்காரர், இஸ்திரிக்காரர்னு வாசல்ல வந்து நிப்பாங்க, அவங்கள இல்லன்னு அனுப்பக்கூடாது, வருஷம் பூரா நம்ம குப்பைய எடுத்தவங்க. ஏடிஎம்ல இருந்து நூறு ரூபா தாளா முன்னாடியே எடுத்து ஒரு டப்பால போட்டு வை, சில்லறை இல்லன்னு ஐநூற நீட்டற வேலை இருக்காது. உன் 71 ஆயிரத்துல பில் இருக்கறத கூட்டி பாத்தேன், 60 கூட வரல, மிச்சம் பதினொண்ணு இந்த மாதிரிதான் போயிருக்கும்.

25,500 ஆச்சு, 32ல 5 தலைதீபாவளிக்கு போவ மிச்சம் 1,500. அத தொடாத. யாராவது சொல்லாம கொள்ளாம ஒரு பொட்டலத்தோட வருவாங்க, அதுக்கு.

பட்டாசுக்கு 1,500 போதுமான்னு கேப்ப. காலைல 6லேந்து 7, ராத்திரி 7லேந்து 8, ரெண்டு மணி நேரம்தான் வெடிக்க விடறாங்க, 2018லேந்து இதே கதைதான். அஞ்சாயிரத்துக்கு வாங்கி வச்சா பாதி பரண்ல கெடக்கும். தீவுத்திடலுக்கு போவணும்னா கடைசி நாளுக்கு முன்னாடி போ, கடைசி நாள் சாயங்காலம் போனா விலை கொறையும்னு சொல்றவங்க உண்டு, கொறையறப்ப நல்ல சரக்கு இருக்காது.

பலகாரம் வீட்ல செய். முறுக்கும் அதிரசமும் மாமியாரோட சேர்ந்து சுட்டா உனக்கும் அவங்களுக்கும் பேச ஒரு ராத்திரி கெடைக்கும், அது தனி லாபம். கடை ஸ்வீட் சம்பந்தி வீட்டுக்கு மட்டும். நம்ம ஏரியால ஒரு தெருவுல எல்லா சனமும் இருக்கும், ரம்ஜானுக்கு பிரியாணி வந்த வீடு, கிறிஸ்மஸுக்கு கேக் வந்த வீடு, அங்கல்லாம் தட்டு போவணும். எத்தன தட்டுன்னு மொதல்ல எண்ணிக்கோ, அப்பால மாவு பிசை. நான் ஒரு வருஷம் எண்ணாம பிசைஞ்சு, கடைசி மூணு வீட்டுக்கு கடைல வாங்கி அனுப்பினேன், பக்கத்து வீட்டு பாய் அம்மா தட்ட வாங்கறப்பவே கேட்டாங்க, "இன்னா, இந்த வருஷம் மாவு புளிச்சிடுச்சா"ன்னு.

துணி எடுக்கறத பத்தி நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், சுருக்கமா சொல்றேன். புடவை, பெரியவங்க துணியெல்லாம் ஆடிலயே எடுத்துடு. இப்ப வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஆடித் தள்ளுபடி ஓடிக்கினு இருக்கு, தியாகராயா காலேஜ் மெட்ரோல இறங்கினா நடந்துடலாம். ஆடில போடறது எல்லாம் பழைய ஸ்டாக்குன்னு சொல்லுவாங்க, ஆமா, பழசுதான், உன் மாமியாருக்கு காட்டன் புடவைல போன வருஷ டிசைன், இந்த வருஷ டிசைன்னு தெரியுமா? பசங்க துணி மட்டும் ஆடில எடுக்காத, மூணு மாசத்துல வளந்துடும். ஜாக்கெட் துணிய ஆவணிலயே டெய்லர்கிட்ட போட்டுடு, ஆயுத பூஜைக்கு அப்பால டெய்லர் ராஜா மாதிரி, நம்மள பாக்கவே மாட்டார். நாலஞ்சு பேருக்கு ஒரே மாதிரி வேணும்னா கோடவுன் தெரு போ, சில கடைல பண்டலாதான் தருவாங்க, நாத்தனார் கொழுந்தி எல்லாம் சேர்ந்து போனா பிரிச்சுக்கலாம். வளையல், ஃபேன்ஸி எல்லாம் தேவராஜ முதலி தெரு. போத்தீஸ் சரவணான்னு டி.நகர் போவணும்னா போ, வேணாம்னு சொல்லல, ஆனா போற வர செலவையும் அந்த புடவை விலைல சேர்த்து பாரு.

இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22லேந்து ரெடிமேட் துணிக்கு ஜிஎஸ்டி மாறிடுச்சு. ஒரு பீஸ் 2,500 வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. அதாவது 2,500 ரூபா சுடிதார் செட் வரியோட 2,625, அதுவே 2,600 ரூபா செட்டுன்னா 3,068. நூறு ரூபா ஏறினதுக்கு நானூத்தி சொச்சம் கூட. மாப்பிள்ளைக்கு சட்டை பாக்கறப்ப இது ஞாபகம் இருக்கட்டும். புடவை துணி கணக்குல வரும், அதுக்கு 5தான்.

அடுத்த வருஷத்துக்கு தீபாவளி பண்டு கட்டலாமான்னு கேட்டிருந்த. மாசம் ஆயிரம் கட்டினா கடைசில வெள்ளி விளக்கு, மளிகை, பட்டாசு பாக்ஸ்னு ஒரு நோட்டீஸ் அடிச்சு குடுப்பாங்களே, அதான. நான் ஒரு வாட்டி பக்கத்து தெருவுல கட்டினேன், பதினோரு மாசம் ஒழுங்கா கட்டினேன், பன்னெண்டாவது மாசம் போனா வூட்டுக்கு பூட்டு. நான் மட்டும் இல்ல, எங்க குழுவுல பாதி பேர். ஸ்டேஷன்ல எழுதி குடுத்தோம், இன்னும் வரல. சீட்டுன்னா 1982 சீட்டு நிதி சட்டத்துல பதிஞ்சிருக்கணும், ஒவ்வொரு சீட்டும் பதிவுத்துறைல நம்பரோட இருக்கும், நடத்தறவங்க கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாது. தெருவுல நடக்கற பண்டுக்கு இது எதுவும் கெடையாது, ஏலமும் இல்ல, ஒரு அட்டைதான், அவங்க மேல நமக்கு இருக்கற நம்பிக்கைதான் செக்யூரிட்டி.

நீ பேங்க்ல ஒரு வருஷ ஆர்.டி. போடு. மாசம் 2,000, ஆறரை சதவீதம்னு வச்சா வருஷ கடைசில 24,800 சொச்சம் வரும். வட்டி பெருசு இல்ல, ஆனா நடுவுல எடுக்க கை கூசும், அதுதான் வேணும். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. இதுக்கு ஆவாது, அது அஞ்சு வருஷம், மூணு வருஷத்துக்கு முன்னாடி மூட முடியாது. நகைக்கடை 11 மாச திட்டமும் சொல்லுவாங்க. ஏன் எல்லா கடையும் 11 மாசம்னு வச்சிருக்கான் தெரியுமா, 2014 கம்பெனி டெபாசிட் விதில, பொருளுக்கு வாங்கற அட்வான்ஸ 365 நாளுக்குள்ள பொருளா குடுத்து முடிக்கணும், தாண்டினா அது டெபாசிட் ஆயிடும், அவனுக்கு தலவலி. நகை வேணும்னா அதுல கட்டு, துட்டா திரும்ப வேணும்னா வேணாம், பெரும்பாலும் நகையாதான் தருவான்.

கடைசியா அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரே விலைலயா எடுக்கணும்னு கேட்டல்ல. ஒரே கடைல, ஒரே நாள்ல, ஒரே விலைல எடு, கலர் மட்டும் வேற. மாமியார கூட்டினு போய் அவங்களையே ரெண்டையும் செலக்ட் பண்ண சொல்லு. உங்கம்மாவுக்கு என்ன கலர் புடிக்கும்னு அவங்க உங்கிட்ட கேக்கற வரைக்கும் நீயா வாய தொறக்காத.